வரும்போது முப்பத்திரண்டு, போகும்போது முப்பத்திநாலு

"இடுப்பு எவ்வளவு மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் புருஷனுக்குப் பேன்ட் வாங்க வந்தவளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அதற்குப் போய் அவள் திருதிருவென்று விழித்தாள்.

விழித்தது யார் என்று தெரிந்தால் சிரிப்பு வரும். பல்செட் செய்கிற லேபில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பவள். கடைவாய்ப் பல் ஒன்று முடி அளவு தூக்கலாக இருந்தாலும் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்து, தேய்த்து இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவாள். வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டுவதென்றாலும் நூல் பிடிப்பாள். கூடப் பிறந்த தம்பி அவளுக்கு வைத்த பட்டப்பெயரே 'ஸ்கேலு'. அப்பேர்ப்பட்ட ஸ்கேலுக்கு, கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமான புருஷனின் இடுப்பளவைச் சொல்ல வாய் வரவில்லை.

தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். அவளுக்கு இரண்டு அளவு தெரியும். சிக்கலே அங்கேதான்.

அவள் புருஷன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் இன்ஜின் அறையில் நாள் முழுக்க வெக்கையில் வெந்து, வேளைக்குச் சாப்பிடாமல், ஒவ்வொரு முறையும் வற்றிப் போய்த்தான் வீட்டு வாசலில் வந்து நிற்பார். பெல்ட்டில் ஆணி வைத்துப் போட்ட புது ஓட்டை ஒன்று இருக்கும். அன்றைக்கு முப்பத்திரண்டு. அப்புறம் வீட்டுச் சாப்பாடு, மத்தியானத் தூக்கம், அவள் திட்டத் திட்ட இரண்டாம் முறை போட்டுக் குடிக்கிற காபி என்று கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சதை ஏறும். பெல்ட் ஒவ்வொரு ஓட்டையாகப் பின்வாங்கும். முப்பத்திநாலு வந்து, பேன்ட் கச்சிதமாக உட்காருகிற வாரத்தில் பெட்டி கட்டுவார். பத்தொன்பது வருஷமாக இதே கதைதான். கப்பல்காரன் பொண்டாட்டி பீரோவைத் திறந்தால் இரண்டு ஆம்பளைகளின் துணி இருக்கும், அக்கம்பக்கத்தில் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று அவளே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"முப்பத்திரண்டு... இல்ல, முப்பத்திநாலு" என்றாள் கடைக்காரரிடம்.

"ரெண்டுல எது மேடம்?"

"வரும்போது முப்பத்திரண்டு, போகும்போது முப்பத்திநாலு."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

தம்பியை அவள் அழைத்து வந்தது துணைக்கு அல்ல, அளவுக்கு. அவனும் அவள் புருஷனும் ஒரே உயரம், ஒரே கால் நீளம், தொடை கூட ஏறக்குறைய ஒன்று. வயிறு மட்டும்தான் வேறு. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பயந்தவர்கள் கிளட்சை விடும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்வதுதான் அவன் தொழில் என்று அவன் பொண்டாட்டி சொல்வாள். சைக்கிள் என்றாலே ஆகாது. "ரெண்டு சக்கரத்துல எனக்கு நம்பிக்கை இல்லக்கா" என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டான். ஆனாலும் அக்கா கூப்பிட்டால் தட்ட மாட்டான்.

போன வாரம் புருஷன் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். 'மூணு வாரத்துல வர்றேன். குளிருக்கு சைக்கிள் பேன்ட் ஒண்ணு எடுத்து வை. பழசைத்தான் செயின் தின்னுடுச்சே.' அவள் பழசை எடுத்துப் பார்த்தாள். வலது காலின் அடியில் செயின் கடித்துக் குதறிய இடம், எண்ணெய்க் கறையோடு அப்படியே இருந்தது. உட்காருமிடம் தேய்ந்து பளபளத்தது. அதைத் துவைத்து மடித்து வைத்தது அவள்தான். ஆனாலும் மூக்கருகே கொண்டு போய் மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. எட்டு மாதத்தில் எல்லாம் சோப்பு வாசனையாகி விடுகிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஊருக்கு வெளியே நீர்த்தேக்கம், அதன் பின்னால் மலை. அவர் லீவில் இருக்கும் வாரங்களில் விடிந்ததும் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். ஏறும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு, ஊர் வம்பு பேசிக்கொண்டு. இறங்கும்போது அவர் முன்னால் போவார். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கத்திக்கொண்டே போவார். "கல்லு!" "வேர்!" "ஈரம், இடது பக்கம் வா!" அவள் கண்ணால் பார்த்து ஓட்டுவதை விட அந்தக் குரலைக் கேட்டு ஓட்டுவதுதான் அதிகம். அவர் இல்லாத மாதங்களில் அவள் தனியாகவும் போவாள். ஏறுவாள். இறங்குவதற்கு மட்டும் தார்ச்சாலையைச் சுற்றி வருவாள்.

இந்த வருஷம் அந்த எட்டு மாதம் நீண்டுகொண்டே போனது. ஒரே மகள் படிப்பதற்கு வேறு ஊர் விடுதிக்குப் போய்விட்டாள். அவள் இருந்தவரை வீட்டில் சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தது. இப்போது லேபிலிருந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் தானே நாற்காலியில் போட்டுவிட்டுப் போன துண்டு அதே நாற்காலியில் அதே மடிப்போடு கிடக்கும். ஒரு துண்டை இடம் மாற்றிப் போடக்கூட வீட்டில் ஆள் இல்லை.

இந்த நேரத்தில்தான் அந்த வேலை வந்தது. உள்ளூர்த் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் அவருக்கு ஒரு தலைமை இன்ஜினியர் வேலை. காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துப் போய், மாலையில் டிபன் பாக்ஸோடு திரும்பி வருகிற வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் போனில் அதைச் சொல்லிவிட்டு, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டங்க" என்றாள். "நீங்க எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்." சிரித்த குரலில்தான் சொன்னாள். போனை வைத்த பிறகு, கழுவி அடுக்கியிருந்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி ஒருமுறை கழுவினாள்.

அவளுக்கு என்ன வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றும். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கல்யாணமான முதல் வருஷம் அவர் கிளம்பியபோது ரயில் நிலையத்தில் எல்லோரும் பார்க்க ஓவென்று அழுதாள். சட்டையைப் பிடித்துக்கொண்டு 'போகாதீங்க' என்றாள். அடுத்த வாரமே கப்பலில் நீராவிக் குழாய் ஒன்றில் கையை வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பொசுக்கிக்கொண்டார். "உன் அழுத மூஞ்சியே கண்ணு முன்னாடி நின்னுச்சு. கை எங்க போகுதுன்னே தெரியல" என்று போனில் அவர் சொன்னது ஆறுதலாகத்தான். அவளுக்கு அது ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது. அன்றைக்கு வாயை மூடியவள்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே வழியனுப்பி, அங்கிருந்து நேராக லேபுக்குப் போய், யாருடைய வாய்க்கோ பல் அடுக்க உட்கார்ந்துவிடுவாள். பாவம் அந்த மனுஷர், பொண்டாட்டிக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அவள் அழாமல் நடித்தது அவ்வளவு நன்றாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றார், எப்ப போறார்னு நீங்க பிறகு பேசிக்கலாம்" என்று கடைக்காரர் தம்பி பக்கம் திரும்பினார். "சார், நீங்க ஏறுங்க."

கடையின் நடுவில், பின்சக்கரத்தைத் தாங்கியில் பூட்டி நிறுத்திய ஒரு சைக்கிள் இருந்தது. கடைக்காரர் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். இப்போது வலது முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். அவருக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறவர்களுக்கு அவர் விற்க மாட்டார். "நின்னு பாக்கறதுக்கு இது என்ன கல்யாண உடுப்பா? ஏறி உக்காந்து பத்து நிமிஷம் மிதிங்க, அது சொல்லும்" என்பார். கண்ணாடியையே கடையின் பின்பக்கச் சுவரில், ஆள் புழங்காத இடத்தில்தான் மாட்டி வைத்திருக்கிறார்.

தம்பி முதலில் எடுத்துக்கொண்டது அலமாரியிலேயே தடிமனான பேன்ட். உள்ளே முழுக்கப் பஞ்சு போல மெத்தென்ற துணி. "மாமாவுக்கு இதான்க்கா கரெக்ட். அடுப்புல இருந்து எறங்கி வர்ற மனுஷன், நம்ம ஊர் குளிருக்கே பல்லு தந்தியடிக்கும்." போட்டுக்கொண்டு ஏறினான். நான்கு நிமிஷத்தில் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. ஐந்தாவது நிமிஷம், "அக்கா, கொதிக்குதுக்கா" என்றான்.

"இப்ப எறங்கி அந்த ஃபேனுக்கு நேரா வந்து நில்லுங்க சார்" என்றார் கடைக்காரர்.

நின்றான். அரை நிமிஷத்தில் தொடையைத் தேய்த்துக்கொண்டான். "ஐயோ, ஜில்லுங்குது."

"அதேதான் மலையிலயும். ஏறும்போது அவிச்சு எடுக்கும், எறங்கும்போது அந்த வேர்வையே ஐஸ் ஆகிடும். குளிருக்குக் கனத் துணின்னு எல்லாரும் நினைக்கிறாங்க. காத்து எங்க அடிக்குதோ அங்க மட்டும் கனமா இருந்தா போதும்." அவர் இன்னொன்றை எடுத்துப் போட்டார். தொடையின் முன்பக்கமும் முட்டியும் மட்டும் உள்ளே மெத்தென்று, பின்பக்கமெல்லாம் மெல்லிசாக இருந்தது. சேறு தெறித்தால் ஊறாத வெளித்துணி. முட்டி மடங்குகிற இடத்தில் முன்னாலேயே வளைத்துத் தைத்திருந்தார்கள். மேசையில் விரித்துப் போட்டபோதே அந்தக் கால்கள் உட்காரத் தயாராக இருப்பது போல மடங்கிக் கிடந்தன.

அவள் அதைக் கையில் எடுத்துத் தையல் தையலாகத் தடவினாள். லேப் விரல்கள் சும்மா இருக்குமா? கணுக்காலின் சுற்றளவை விரலால் அளந்தாள். செயின் வாயில் சிக்காத அளவுக்கு ஒடுக்கமாக இருந்தது. இடுப்பின் பின்பக்கம் முன்பக்கத்தை விட நாலு விரல் உயரம். குனிந்து ஓட்டும்போது முதுகில் காற்று புகாது. குனிந்து ஓட்டும் அவர் முதுகு அவளுக்கு நினைவு வந்தது. மலை இறங்கும்போது அவள் பார்ப்பதெல்லாம் அந்த முதுகைத்தான். சட்டை மேலே ஏறி, பேன்ட் கீழே இறங்கி, நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். வெயில் படாத இடம். அதைச் சொல்லி எத்தனை கேலி செய்திருக்கிறாள். இப்போது பத்துப் பேர் நடமாடும் கடையில் நின்றுகொண்டு, அந்த இடத்தில் ஒருமுறை உள்ளங்கையை வைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"அக்கா, இத எப்படிப் போடறது? பட்டன் சேரல" என்று அதை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போன தம்பி குரல் கொடுத்தான்.

"முப்பத்திநாலு சார் அது. உங்களுக்கு முப்பத்தாறு வேணும்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இல்லங்க, என் மாமாவுக்கு!"

"அளவுக்கு வந்தது நீங்கதானே. பட்டன் போடாம எப்படி மிதிப்பீங்க?"

முப்பத்தாறு வந்தது. போட்டுக்கொண்டு ஏறினான். முட்டி தடையில்லாமல் மடங்கியது, கணுக்கால் செயினுக்கு எட்டவில்லை, பின்பக்கம் ஏறி முதுகை மூடிக்கொண்டது. கால் அளவெல்லாம் சொல்லி வைத்தாற்போல் பொருந்திவிட்டது. கடைக்காரர் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துத் தலையாட்டினார். "கரையில இருக்கிற ஆம்பளைங்களுக்கெல்லாம் நாப்பது தாண்டினா இதான் அளவு. முப்பத்தாறுல வந்து நின்னுடும். வேளைக்கு வீட்டுல சாப்பிடறாங்கல்ல."

அந்த நேரம் பார்த்து தம்பியின் போன் அடித்தது. அவன் பொண்டாட்டி. தம்பி மிதித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க இருக்கீங்க? வர்ற வழியில பஜ்ஜி கிஜ்ஜின்னு ஏதாவது வாங்கித் தின்னுட்டு, அப்புறம் வீட்டுல பசிக்கலன்னு சொல்லி வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன். டாக்டர் என்ன சொன்னார்? வயித்தைக் குறைன்னு சொன்னாரா இல்லையா?"

"சைக்கிள் மிதிச்சிக்கிட்டு இருக்கேன்டி."

"பொய் சொல்லாதீங்க."

"அக்கா சத்தியமா!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே தம்பி பொண்டாட்டி மேல் அவளுக்குப் பொறாமை வந்துவிட்டது. வீட்டுக்காரனின் தொப்பையைப் பற்றிச் சலித்துக்கொள்கிற, பொறாமைப்பட ஒன்றுமே இல்லாத ஒரு விஷயத்துக்காக, கூடப் பிறந்தவனின் பொண்டாட்டி மேலேயே பொறாமை. தன் புருஷனுக்குத் தொப்பை போட்டுப் பார்த்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்திரண்டு தெரியும், முப்பத்திநாலு தெரியும். வந்தவர் அளவு தெரியும், கிளம்புகிறவர் அளவு தெரியும். இங்கேயே இருக்கிற அவர் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷம் முழுக்க அவள் கையால் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கி, அவள் திட்டு வாங்கி, பட்டன் சேராமல் நிற்கிற அவரை அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் போல் இருந்தது. பசி மாதிரி, அப்படி இருந்தது.

"இதையே குடுங்க" என்றாள்.

"எது? முப்பத்தாறா?" தம்பி சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டான். "ஸ்கேலு, உனக்கு என்ன ஆச்சு? இது எனக்கே பட்டன் போட்டா மூச்சு விட முடியுது. மாமா போட்டா உள்ள இன்னொரு மாமாவ வைக்கலாம்."

"ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டற பட்டை இருக்கு. இழுத்துக் கட்டிக்கட்டும்."

"ரெண்டு அளவு வரைக்கும் இழுக்கும்" என்றார் கடைக்காரர். "ஆனா மேடம், நான் சொல்றேனேன்னு நினைக்காதீங்க, வர்ற அளவுக்கு எடுக்கறதுதான் முறை."

"வர்ற அளவுக்குத்தான் இத்தனை வருஷமா எடுத்தேன்" என்றாள். "கட்டிக் குடுங்க."

வெளியே வந்து காரில் ஏறினார்கள். மூன்றாவது சிக்னலில் தம்பி கேட்டான்.

"அக்கா, மாமா அந்தப் பட்டறை வேலைக்கு என்ன சொன்னாரு?"

"அவர் இஷ்டம். நான் என்ன சொல்றது."

"நீ என்ன சொன்ன?"

"அதான் சொன்னேன்ல, அவர் இஷ்டம்னு."

தம்பி ஸ்டியரிங்கை விரலால் தட்டினான். "போன வாரம் மாமா எனக்குப் போன் பண்ணாரு. அக்கா எப்படி இருக்கா, உண்மையச் சொல்லுன்னாரு. நான்..." அவன் எச்சில் விழுங்கினான். "நீதான மாமாகிட்ட எதையும் சொல்லாதேன்னு வருஷக்கணக்கா சொல்லி வச்சிருக்க. அக்காவுக்கென்ன மாமா, வேலை, சைக்கிள்னு நிம்மதியா இருக்கா, ஒரு கவலையும் இல்லன்னு சொல்லிட்டேன்."

"நல்லாதான சொல்லியிருக்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நல்லா சொன்னேனா? அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், சரி அப்ப, நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. அன்னையிலிருந்து எனக்கு மனசே சரியில்லக்கா. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. விளக்கு எப்போதோ பச்சைக்கு மாறியிருந்தது. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் கியர் போட மறந்து உட்கார்ந்திருந்தான். அவள் பேன்ட் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ பண்ணலடா" என்றாள். "நான்தான் பண்ணேன். நீ வண்டிய எடு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றதால், காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. படம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. அவள் சமையலறை மேசையில் பேன்ட்டை விரித்து வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"பேன்ட் எடுத்தியா?" என்றார்.

"எடுத்தேன்."

"நல்லா கனமா இருக்குல்ல? போன தடவை எனக்கு விரைச்சே போச்சு."

"முன்னால மட்டும் கனம், பின்னால மெல்லிசு. முழுக்கக் கனமா இருந்தா ஏறும்போது வேர்த்து, எறங்கும்போது உறைஞ்சுடுமாம். தம்பியை வச்சு செஞ்சே காட்டினார் கடைக்காரர்."

அவர் சிரித்தார். தம்பி மிதித்ததைக் கேட்டு இன்னும் சிரித்தார். "சைஸ் என்ன எடுத்த?"

நேற்றிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பேன்ட்டின் இடுப்புப் பட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முப்பத்தாறு."

"யாருக்கு? உன் தம்பிக்கா?"

"உங்களுக்குத்தான்."

"ஏய், நான் இப்ப முப்பத்தொண்ணுல இருக்கேன். இந்தத் தடவை சமையல்காரன் வேற சரியில்ல. கிளம்பறப்ப கூட நான் முப்பத்திநாலுதான? உனக்கா அளவு தப்பும்?"

"தப்பல. அது கிளம்பற ஆளுக்கு எடுத்ததில்லங்க. இங்கயே இருக்கிற ஆளுக்கு எடுத்தது."

அவருக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருப்பது கேட்டது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். இனிமேல் நிறுத்தினால் இன்னொரு பத்தொன்பது வருஷம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்க இஷ்டம்னு சொன்னேன்ல, அது பொய். ஒவ்வொரு தடவையும் பொய்தான் சொன்னேன். உங்க கை வெந்து போச்சே, அதுலயிருந்து பயம். நான் வாயத் தொறந்தா உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயம். சிரிச்சு சிரிச்சு அனுப்பிட்டு வந்து, ஒரு வாரத்துக்கு உங்க தலகாணி உறைய மாத்தாம வச்சிருப்பேன். நான் நிம்மதியா எல்லாம் இல்லங்க. எனக்கு நீங்க வேணும். வந்து இருங்க. தின்னு தின்னு தொப்பை போடுங்க. நான் திட்டறேன். அந்த வேலைக்கு சரின்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் கதவு ஒன்றைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நேத்து எழுதிட்டேன்" என்றார். குரல் கம்மியிருந்தது. "வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டேன்."

மேசையில் விரித்திருந்த பேன்ட்டை அவள் பார்த்தாள். நேற்று. அவள் கடையில் நின்று கணுக்கால் அளந்துகொண்டிருந்தபோதாக இருக்கும்.

"ஏன்?" என்றாள். கோபம்தான் முதலில் வந்தது. "ஏன் எழுதினீங்க? கடல்தான் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"கடலா? எனக்கா?" அவரும் குரலை உயர்த்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் குரல் உயர்த்தியது இரண்டோ மூன்றோ முறைதான். "ஒரு தடவை வான்னு சொல்லுவியான்னு ரெண்டு வாரமா போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ உங்க இஷ்டம்ங்கற. உன் தம்பி அக்கா நிம்மதியா இருக்கான்னு சொல்றான். எட்டு மாசம் தனியா இருந்து பழகி, அழகா ஒரு வாழ்க்கைய அமைச்சுக்கிட்டவ. அங்க போய் தினமும் நடுவீட்டுல உக்காந்து உன்னைத் தொந்தரவு பண்ணணுமான்னு தோணுச்சு. ரெண்டு மாசம்னா சமாளிச்சுடுவா, வருஷம் பூரா தாங்குவாளான்னு பயமா இருந்துச்சு."

"உங்களுக்கும் பயமா?"

"எனக்கும்தான்."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. முதல் வருஷம் ரயில் நிலையத்தில் அழுதாளே, அதே சத்தத்தில் அழுதாள். அவர் "அழாதே" என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மூக்கை உறிஞ்சுவதும் நடுவில் ஒருமுறை கேட்டது.

"இப்ப எழுதுங்க" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வேணும்னு எழுதுங்க."

"நேத்து வேண்டாம்னுட்டு இன்னைக்கு வேணும்னா என்ன நினைப்பாங்க? நேத்து சனி, இன்னைக்கு ஞாயிறு. ஆபீஸ் மூடியிருக்கும். திங்கக்கிழமை காலைல ரெண்டையும் ஒண்ணா தொறந்து படிச்சுட்டு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"வேற ஆளுக்குக் குடுத்துட்டா?"

"குடுத்தா குடுக்கட்டும். அப்ப என்ன செய்யறதுன்னு அப்ப பாத்துக்கலாம். ஆனா நீங்க எழுதணும். நீங்க வரணும்னு ஆசைப்பட்டீங்கன்னு ஒரு இடத்துலயாவது எழுத்துல இருக்கட்டும்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து எங்கேயோ போய் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் விசைகள் தட்டும் ஓசை வந்தது, இரண்டு விரலால் தட்டுகிறவரின் ஓசை. அவள் காதில் போனை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றது.

"ஃபாரத்துல முடிவை மாத்தறதுக்குக் காரணம் கேக்குது" என்றார். "ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம போகாது. என்ன போடறது?"

"நேத்து வேண்டாம்னதுக்கு என்ன போட்டீங்க?"

"குடும்பச் சூழ்நிலைன்னு போட்டேன்."

"அதை விடுங்க. பொண்டாட்டி வான்னு கூப்பிட்டான்னு போடுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார். "மெதுவா. எழுதிக்கணும்ல."

அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.